பாலினமும் பாலீர்ப்பும்: காலந்தோறும் மாறிய பார்வைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் ஆதரவாகப் பேசுவோரும் உண்டு, முகம் சுளிப்போரும் உண்டு. ஆனால் இரு சாராரும் ஒரே நினைப்பில்தான் தொடங்குகிறார்கள்: பழைய காலம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தது, நேற்றுதான் ஏதோ மாறிவிட்டது என்பது அந்த நினைப்பு. அது சரியில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

பால், பாலினம், பாலீர்ப்பு எல்லாம் ஒன்றுதானே? எதற்கு இத்தனை சொல்?

ஒன்றல்ல. பால் என்பது உடற்கூறு சார்ந்தது. பாலினம் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வதையும், சமூகம் அவரிடம் எதிர்பார்க்கும் நடை, உடை, கடமைகளையும் குறிக்கிறது. பாலீர்ப்பு என்பது ஒருவருடைய காதலும் காமமும் யாரை நோக்கிச் செல்கின்றன என்பது. ஒரு திருநங்கைக்கு ஆண்மீது ஈர்ப்பு இருக்கலாம், பெண்மீதும் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்க இயலாது.

ஆனால் இப்படிப் பிரித்துப் பார்ப்பதே புதிய பழக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1860களில் ஜெர்மானிய வழக்கறிஞர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் ஆணை நேசிக்கும் ஆண்களுக்காக வெளிப்படையாக வாதாடினார். 1867 இல் மியூனிக் நகரில் சட்ட அறிஞர்கள் கூடிய மாநாட்டில் எழுந்து பேசவும் துணிந்தார். அத்தகைய ஆணை அவர் விளக்கிய விதமோ, ‘ஆண் உடலுக்குள் அடைபட்ட பெண் உயிர்’ என்பது. இன்று நாம் இரண்டாகப் பிரிக்கும் பாலினமும் பாலீர்ப்பும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன.

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? இப்போதுதானே வந்தது?

ஒரே பாலினரிடையே காதலும் உறவும், பிறந்தபோது கொடுக்கப்பட்ட பாலினத்தில் பொருந்தாத மனிதர்களும் பதிவுகள் கிடைக்கும் காலம் தொட்டே இருக்கிறார்கள். சீனத்தின் ஹான் வம்சப் பேரரசர் ஐ, தம் சட்டைக் கை மீது தலை வைத்து உறங்கிய காதலனை எழுப்ப மனமின்றித் தம் சட்டைக் கையை வெட்டிவிட்டு எழுந்தார் என்றொரு கதை உண்டு. ‘வெட்டிய சட்டைக்கை’ என்பது ஆண்களுக்கிடையேயான காதலைக் குறிக்கும் சீனத் தொடராகவே நிலைத்துவிட்டது. அவர் இறந்தது கி.மு. 1 இல்.

புதிதாக வந்தது வேறொன்று. இன்ன செயலைச் செய்தவர் என்று சொல்லி வந்த உலகம், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்ன வகை மனிதர் என்று சொல்லத் தொடங்கியது. கேள்விகள் பலவற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பதால் கீழே இதற்கு அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் பழைய கிரேக்கர்கள் நம்மைவிட முற்போக்கானவர்களா?

இல்லை. அவர்கள் கவலைப்பட்ட விஷயம் வேறு, அவ்வளவுதான். ஏதென்ஸ் நகரில் ஒரு குடிமகன் ஆணை நாடினானா பெண்ணை நாடினானா என்பதைவிட, அந்த உறவில் அவன் மேல்நிலையில் இருந்தானா கீழ்நிலையில் இருந்தானா என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது. வழக்கமாக ஏற்கப்பட்ட உறவு வளர்ந்த ஆணுக்கும் பதின்பருவச் சிறுவனுக்கும் இடையிலானது. இன்று நாம் அதைக் கொண்டாட முடியாது. ரோமில் சுதந்திரப் பிறப்புடைய ஆண், அடிமையிடம் எதைச் செய்தாலும் அவனுடைய மானம் கெடவில்லை. மறுக்கும் உரிமை அடிமைக்கு இல்லை என்பது எவருக்கும் உறுத்தவும் இல்லை.

பாவம் என்று சொன்னது எப்படிக் குற்றம் ஆனது?

கிறித்தவமான ரோமப் பேரரசில் 4 ஆம் நூற்றாண்டு முதல் ஆண்களுக்கிடையேயான உறவுக்கு எதிரான சட்டங்கள் வருகின்றன. 6 ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ஆணை ஒன்று, இத்தகைய செயல்களால்தான் பஞ்சமும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் வருகின்றன என்றது. ஒருவர் படுக்கையறையில் நடப்பது ஊருக்கே ஆபத்து என்று ஆகிவிட்டால், அதன் பிறகு அது தனிமனிதரின் பாவமாக மட்டும் நிற்காது. இங்கிலாந்தில் 1533 இல், அதுவரை திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்து வந்த இந்தக் குற்றத்தை எட்டாம் ஹென்றியின் ஆட்சி தன் கைக்கு எடுத்து மரண தண்டனை விதித்தது. ஒழுக்கக் கவலையைக் காட்டிலும் திருச்சபையின் அதிகாரத்தைப் பறிக்கும் அரசியலே அதில் தூக்கலாகத் தெரிகிறது என்பது என் கருத்து. இங்கிலாந்தில் இதற்காகக் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இருவர், 1835 இல். மரண தண்டனை 1861 இல் நீக்கப்பட்டது. பிரான்ஸ் அதற்கு வெகு முன்பே, 1791 இல், புரட்சிக்குப் பின் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தைச் சேர்க்காமலேயே விட்டுவிட்டது.

பெண்களுக்கிடையேயான உறவு இந்தச் சட்டங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அது பெருந்தன்மை அன்று. 1921 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெண்களையும் சேர்க்க முயன்றபோது மேலவை மறுத்துவிட்டது; அப்படி ஒன்று இருப்பதையே அறியாத பெண்களுக்கு நாமே அறிவித்ததாகிவிடும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம்.

குற்றம் பிறகு நோயாக மாறியது எப்படி? மருத்துவர்கள் நல்லதுதானே செய்ய நினைத்தார்கள்?

சிலர் அப்படித்தான் நினைத்தார்கள்: நோயாளியைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். 1886 இல் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகு ஐரோப்பாவில் இது மருத்துவப் பொருளாகவே ஆகிவிட்டது. ஆனால் நோய் என்றால் சிகிச்சை வேண்டுமே. மின்னதிர்ச்சி, வாந்தி மருந்து, ஹார்மோன் ஊசி என்று அது போயிற்று. கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங், 1952 இல் தண்டிக்கப்பட்டபோது சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 இல் இறந்தார். அரச மன்னிப்பு 2013 இல் வந்தது.

‘ஹோமோசெக்சுவல்’, ‘ஹெட்டிரோசெக்சுவல்’ என்ற இரு சொற்களையும் உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி 1868 இல் ஒரு கடிதத்தில் அவற்றை எழுதினார். முதற்சொல், அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் வெளியிட்ட துண்டுநூலில் 1869 இல் அச்சேறியது. உரிமைக்காகப் பிறந்த சொல்லை மருத்துவம் எடுத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1923 இல் அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதி ‘ஹெட்டிரோசெக்சுவாலிட்டி’ என்பதற்குத் தந்த பொருள், எதிர்ப்பாலினர் மீது கொள்ளும் நோய்த்தன்மையான காம வேட்கை என்பது. இன்று ‘இயல்பு’ என்று நாம் சொல்வதும் முதலில் நோய்ப்பட்டியலில் நின்றுதான் வெளியே வந்தது. 1934 பதிப்பில்தான் அது இயல்பானது என்று திருத்தப்பட்டது.

உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் எதிர்ப்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் ஒரே உளவியல் சோதனைகளை நடத்தி, பெயரில்லாத முடிவுகளை வல்லுநர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957 இல் வெளிவந்த இந்த ஆய்வும், வீதியில் எழுந்த போராட்டமும் சேர்ந்து, 1973 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து இதை நீக்கும் நிலையை உண்டாக்கின. உலக சுகாதார நிறுவனம் 1990 இல் நீக்கியது. திருநர் நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்தது 2019 இல் ஏற்கப்பட்ட பட்டியலில்தான்.

பெண்களுக்குக் காமம் குறைவு என்றுதானே எல்லாக் காலத்திலும் நம்பினார்கள்?

நேர்மாறாகவும் நம்பினார்கள். இடைக்கால ஐரோப்பாவில் காமத்தை அடக்க முடியாதவள் பெண்தான். ஆண் பகுத்தறிவால் தன்னைக் கட்டிக்கொள்பவன். பெண் இன்பம் அடையாமல் கரு உருவாகாது என்ற பழைய கிரேக்க மருத்துவக் கருத்தும் நெடுங்காலம் நிலவியது. கேட்பதற்குப் பெண்ணுக்கு ஆதரவான கருத்துப் போலத் தோன்றும். ஆனால் வன்புணர்வுக்கு ஆளான பெண் கருவுற்றால், அவள் இன்பம் அடைந்திருக்கிறாள், எனவே அது வன்புணர்வு அன்று என்று நீதிமன்றத்தில் வாதிடவும் அதுவே உதவியது.

19 ஆம் நூற்றாண்டில் தராசு தலைகீழானது. நடுத்தர வர்க்கத்து மனைவி வீட்டின் தூய்மைக்குக் காவலாக வைக்கப்பட்டாள். 1857 இல் வில்லியம் ஆக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெரும்பாலான பெண்களுக்குக் காம உணர்வு தொல்லையே தருவதில்லை என்று எழுதினார். காமம் மிகுந்தவள், எனவே கட்டுப்படுத்த வேண்டும். காமமே இல்லாதவள், எனவே பாதுகாக்க வேண்டும். காரணம் எதிரெதிராக மாறியபோதும் பூட்டு அதே கதவில்தான் தொங்கியது.

ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்பது இயற்கையிலேயே இல்லையா?

இல்லை. 1918 இல் குழந்தை ஆடை வணிகத்துக்கான ஓர் அமெரிக்க இதழ், இளஞ்சிவப்பு உறுதியான நிறம் ஆதலால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையானது ஆதலால் பெண் குழந்தைக்கும் உரியது என்று எழுதியது. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதளவில் எடுத்த படத்தில் வெள்ளைக் கவுனும் நீண்ட தலைமுடியுமாக உட்கார்ந்திருக்கிறார். 1880களில் அது சிறுவர்களின் சாதாரண உடை. குதிகால் உயர்ந்த காலணி ஐரோப்பாவுக்கு வந்தது பாரசீகக் குதிரை வீரர்களிடமிருந்து. அங்கவடியில், அதாவது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், கால் நிற்பதற்காக ஆண்கள் அணிந்தது அது.

உடை மாறியதைவிட உடைக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை கவனத்துக்குரியது. 1431 இல் ஜோன் ஆஃப் ஆர்க் எரிக்கப்பட்டபோது, கைவிடுவதாக ஒப்புக்கொண்ட ஆண் உடையை மீண்டும் அணிந்தது அவர் பழைய பிழைக்குத் திரும்பியதற்கான சான்றாகக் கொள்ளப்பட்டது. பாரிஸில் 1800 இல் பிறப்பிக்கப்பட்ட ஒரு காவல் துறை உத்தரவின்படி, கால்சட்டை அணிய விரும்பும் பெண் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பின்னாளில் கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் மட்டும் விதி தளர்த்தப்பட்டது. அந்த உத்தரவுக்கு இனிச் சட்ட மதிப்பு இல்லை என்று அரசு அறிவித்தது 2013 இல்.

நம் பழைய இலக்கியத்தில் மூன்றாம் பாலினத்தாருக்கு மதிப்பு இருந்தது என்கிறார்களே, உண்மையா?

இடம் இருந்தது என்பது உண்மை. இடமும் மதிப்பும் ஒன்றல்ல. தமிழ் இலக்கணமே இதற்கு நல்ல சான்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், ‘ஆண்மை திரிந்த’வரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணைக்குள், அதாவது மக்களுக்குள் வைக்கிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. அந்தப் பெயர்கள் ஆண்பால் ஈற்றோடு முடியக் கூடாது என்றும் தனியே ஒரு விதி வகுக்கிறது. ஒருவரை அவர் விட்டு விலகிய பாலின் ஈற்றால் சுட்டலாமா என்று இன்று நடக்கும் விவாதத்தை நினைத்துக்கொண்டு அந்த நூற்பாவைப் படித்தால் சற்றே நின்றுவிடத் தோன்றும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நன்னூல் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது: பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். விழைவை வைத்துப் பால் கொடுப்பது வியப்பானதுதான். ஆனால் அதே நூற்பாவின் கடைசி அடி, இரு சாராரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று இடம் தருகிறது. இரண்டு அடிகளில் கொடுத்ததை மூன்றாம் அடி பாதியாவது திரும்ப வாங்கிக்கொள்கிறது. சடங்கில் வாழ்த்துப் பெறவும் கூத்தில் ஆடவைக்கவும் அழைத்துவிட்டு, சொத்திலும் உறவிலும் பங்கு தராத நிலையும் இதே சாயல் கொண்டதுதான்.

இந்த உரிமைப் பேச்செல்லாம் மேற்கிலிருந்து இறக்குமதி ஆனதுதானே?

தண்டிக்கும் சட்டம் இறக்குமதி என்பது ஐயமற்றது. 1860 இல் பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, மேலே சொன்ன 1533 சட்டத்தின் வழித்தோன்றல். அதே வார்ப்பில் மலேயா, சிங்கப்பூர், கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல குடியேற்ற நாடுகளுக்கும் போயிற்று. 1871 இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் திருநங்கைகளைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கத் தனிப் பகுதியே இருந்தது. பொது இடத்தில் பெண் உடையில் ஆடினால் கைது செய்யலாம். இங்கிலாந்தும் வேல்ஸும் 1967 இல் தம் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டன. சிங்கப்பூரில் எஞ்சியது 2022 வரை நின்றது.

அதற்காக, வெள்ளையர் வருமுன் இங்கே யாரும் எதையும் தண்டிக்கவில்லை என்ற மறுபக்கக் கதையையும் நான் ஏற்பதில்லை. மனு நூல் ஆண்களுக்கிடையேயான செயலுக்கு ஆடையோடு நீராடும் கழுவாயோடு விட்டுவிடுகிறது. கன்னிப்பெண்ணோடு அப்படி நடந்துகொள்ளும் பெண்ணுக்கோ விரலை வெட்டும் அளவுக்குப் போகிறது. பழைமை என்பது ஒரே குரல் அன்று. வேண்டியதை மட்டும் பொறுக்கினால் இரு தரப்புக்கும் சான்று கிடைக்கும்.

கருத்தடை மாத்திரை வந்ததால்தான் எல்லாம் மாறியது என்பது சரியா?

பாதி சரி. 1960 இல் அமெரிக்கா அனுமதித்த மாத்திரை, கருவுறும் அச்சத்தைக் கலவியிலிருந்து பிரித்தது. ஆனால் மணமான தம்பதியர் கருத்தடை பயன்படுத்தும் உரிமையே அங்கு 1965 இல்தான் நீதிமன்றத்தில் உறுதியானது. மணமாகாதவர்களுக்கு 1972 இல். பொருள் முன்னே வந்தது, இசைவு பின்னே வந்தது. மாத்திரைக்கு முன்னரே சண்டை நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட், 1877 இல் கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக லண்டனில் விசாரிக்கப்பட்டார், அந்தப் பெயரால் தம் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார்.

எப்படியோ காலம் முன்னோக்கித்தானே போகிறது?

எப்போதும் அப்படி இல்லை. பெர்லினில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919 இல் பாலியல் அறிவியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். திருநர்களுக்கு மருத்துவ உதவி, மக்களுக்கு ஆலோசனை, பெரிய நூலகம் என்று அது இயங்கியது. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள்; நான்கு நாள் கழித்து நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிந்தன. 1935 இல், ஆண்களுக்கிடையேயான உறவைத் தண்டிக்கும் ஜெர்மானியச் சட்டத்தின் 175 ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான ஆண்கள் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த உடையோடு வதைமுகாம்களுக்குப் போனார்கள். போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி நாஜிகள் திருத்திய அதே வாசகத்தை 1969 வரை வைத்திருந்தது. சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ரஷ்யாவும் 1917 புரட்சிக்குப் பின் சட்டத்தைக் கைவிட்டு, 1934 இல் மீட்டு, 1993 இல் மறுபடி நீக்கி, 2013 முதல் வேறு சட்டங்களால் இறுக்கி வருகிறது. இன்றைக்கும் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு குற்றமே.

பழைய ஆட்களை இன்றைய அளவுகோலால் எடைபோடலாமா? அப்போது குழந்தை மணம் சகஜம் அல்லவா?

‘அப்போது எல்லோரும் அப்படித்தான்’ என்ற வாக்கியத்தில் உள்ள ‘எல்லோரும்’ யார் என்று முதலில் கேட்க வேண்டும். இந்தியாவில் 1860 சட்டப்படி இசைவு வயது, அதாவது உடலுறவுக்கு ஒரு பெண் இசைவு தர முடியும் என்று சட்டம் கொண்ட வயது, பத்து. 1890 வாக்கில் வங்கத்தில் புல்மோனி தாசி என்ற, பத்து அல்லது பதினொரு வயதான சிறுமி, தன்னைவிட வெகு மூத்த கணவனின் செயலால் இறந்தாள். அவன்மேல் வன்புணர்வுக் குற்றம் நிற்கவில்லை, ஏனெனில் அவள் பத்து வயதைக் கடந்த மனைவி. 1891 இல் வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டபோது திலகர் உள்ளிட்டோர் அதை எதிர்த்தார்கள். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், பதினொரு வயதில் தமக்குச் செய்துவைத்த மணத்தை ஏற்க மறுத்த ருக்மாபாய், கணவனோடு வாழ்வதைவிடச் சிறைக்குப் போவேன் என்று நீதிமன்றத்தில் நின்றார்; பின்னர் மருத்துவரானார். அவரும் அந்தக் காலத்து ஆள்தான். அவருடைய அளவுகோலால் எடைபோட்டால் போதும், நம்முடையது தேவையில்லை.

அப்படியானால் பழைய அரசரையோ கவிஞரையோ ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. ‘ஆணைக் காதலித்தார்’ என்று சொல்வேன். இரண்டாம் கேள்வியில் கூறியபடி, அப்படி ஒரு மனித வகை உண்டு என்ற எண்ணமே அவருக்கு இருந்திராது. ஆனால் இந்தக் கவனத்தை ஒரு பக்கமாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. பெண்ணைக் காதலித்த அரசரை ‘எதிர்ப்பாலீர்ப்பாளர்’ என்று நாம் சற்றும் யோசிக்காமல் கொள்கிறோம். அந்தச் சொல்லும் 1868 இல் பிறந்ததுதான்.

சட்டம் முதலில் மாறுமா, மக்கள் மனம் முதலில் மாறுமா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் 1959 இல் கேட்டபோது பெரும்பான்மையோர் மறுத்தார்கள். 1971 இல் சம்மதித்தார்கள். ஆப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநில ஆண்கள் 1990 வரை பிடிவாதமாக இருந்ததால் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. அயர்லாந்து 1993 இல்தான் தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கியது. 2015 இல் அதே நாட்டின் மக்கள் 62 விழுக்காட்டு வாக்குகளால் தன்பாலினத் திருமணத்தை ஏற்றார்கள். இந்தியாவில் 2014 இல் உச்ச நீதிமன்றம் திருநர்களின் பாலினத் தேர்வை அங்கீகரித்தது, 2018 இல் 377 ஐத் தளர்த்தியது, 2023 இல் திருமண உரிமை தர மறுத்தது.

சட்டமும் மனமும் ஒரே ஆளுக்குள் மோதியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2021 இல், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தமக்கே முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களை எந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்ற பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 இல் அரசிதழில் வெளியிட்டது. ‘திருநங்கை’யும், ஆங்கிலத்தில் ‘குயர்’ எனப்படுவோரைக் குறிக்கும் ‘பால்புதுமையர்’ என்பதும் அதில் உண்டு.